20 டன் இறாலில் அரை அரிசி எடை: பெறுதியாக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறால் பண்ணை வைத்திருப்பவர்கள், ஏற்றுமதி நிறுவனங்களில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவர்கள், எம்.எஸ்சி. முடித்து ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: உணவில் இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் மருந்து எச்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், அதை எப்படி நம்புவது? இரண்டுக்கும் பதில், கருவிக்குள் மாதிரி போவதற்கு முன்பு சோதனைக் குழாயில் நடக்கும் ஒரு வினையில் இருக்கிறது. அதைப் பற்றியே இந்தப் பக்கம்.

பெறுதியாக்கம் என்றால் என்ன?

அளக்க வேண்டிய மூலக்கூறை அப்படியே அளக்காமல், நமக்கு நன்கு தெரிந்த ஒரு வினைப்பொருளோடு சேர்த்து, அதிலிருந்து பிறக்கும் புதிய மூலக்கூறை, அதாவது பெறுதியை, அளப்பதுதான் பெறுதியாக்கம். ஆய்வகத்தில் டெரிவடைசேஷன் என்போம்.

பி.எஸ்சி. வேதியியல் படித்த யாரும் இதைக் கையால் செய்திருப்பார்கள். கரிமச் சேர்மம் கண்டறியும் செய்முறைத் தேர்வில், கொடுக்கப்பட்ட திரவத்தில் டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசின் கரைசலை விட்டதும் ஆரஞ்சு நிறத்தில் வீழ்படிவு இறங்குமே, அதுதான். நிறமற்ற ஆல்டிஹைடு ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது. பிறகு அந்த வீழ்படிவை உலர்த்தி உருகுநிலை பார்த்து, எந்த ஆல்டிஹைடு என்று எழுதிக் கொடுத்தோம். சுவடளவுப் பகுப்பாய்வில் செய்வதும் இதே வேலைதான். அங்கே அரை கிராம் கையில் இருந்தது. இங்கே ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்குத் தகராறு நடக்கிறது.

கோடிக்கணக்கில் விலை போகும் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றால் நேரடியாக அளக்க முடியாதா?

பல பொருள்களை அளக்க முடியும். சிலவற்றை முடியாது, அதற்குக் காரணம் அந்த மூலக்கூறுகளின் சுபாவம்.

கேஸ் குரோமட்டோகிராஃபி என்னும் வாயு வண்ணப்பிரிகையில் பொருள் ஆவியாகி நீண்ட மெல்லிய குழாய் வழியே செல்ல வேண்டும். சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவை ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஆவியாவதற்கு முன் கருகிவிடும். சில பொருள்கள் ஆவியானாலும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கருவி வரையும் கோட்டில் கூர்மையான சிகரமாக வராமல் இழுபட்டு வரும். பொருளை ஆவியாக்காமல் கரைசலாகவே பிரிக்கும் திரவ வண்ணப்பிரிகையில் சிக்கல் வேறு. ஒளியை உறிஞ்சாத, ஒளிராத மூலக்கூறு ஒளி உணரிக்குத் தெரியாது. அதிக முனைவுத்தன்மை இருந்தால் பிரிப்புக் குழாயில் தங்காமல் உப்புகளோடு சேர்ந்து முதல் நிமிடத்திலேயே வெளியேறிவிடும். மூலக்கூறின் நிறையைப் பார்க்கும் நிறை நிறமாலைமானியிலோ, மிகச் சிறிய மூலக்கூறுகள் கரைப்பானின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும்.

எந்தக் குறை இருக்கிறதோ அதற்கேற்ற வாலை ஒட்டி அனுப்புகிறோம். ஆவியாகாததற்கு ஆவியாக உதவும் வால். ஒளிராததற்கு ஒளிரும் வால். கனம் போதாததற்குக் கனமான வால்.

இறாலில் நைட்ரோஃபுரான் பார்க்கும்போது இது ஏன் கட்டாயமாகிறது?

இதற்குச் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடலோரத்தில் பலருடைய பிழைப்பு இந்தச் சோதனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நைட்ரோஃபுரான்கள் ஒரு காலத்தில் கோழிக்கும் இறாலுக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகள். புற்றுநோய் அச்சம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 1990களின் நடுப்பகுதிக்குள் உணவு விலங்குகளில் இவற்றைத் தடைசெய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தடைப் பட்டியலிலும் இவை உள்ளன. ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியப் பண்ணை இறாலில், எல்லையில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டிய சரக்குகளின் பங்கை அந்த ஒன்றியம் 2016இல் குறைந்தது 50 விழுக்காடாக உயர்த்தியது. நைட்ரோஃபுரான் எச்சத்துக்கான நடவடிக்கை வரம்பு முன்பு கிலோவுக்கு 1 மைக்ரோகிராமாக இருந்தது. 2022 நவம்பர் இறுதியிலிருந்து 0.5 மைக்ரோகிராம்.

அரை மைக்ரோகிராம் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். 20 டன் இறால் ஏற்றிய ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பில், கன்டெய்னர் முழுவதிலும் இருக்கும் எச்சத்தைத் திரட்டினால் 10 மில்லிகிராம் தேறும். ஏறக்குறைய அரை அரிசியின் எடை. ஆய்வகத்துக்கு வருவதோ கன்டெய்னர் அல்ல, கூழாக அரைத்த ஒன்றிரண்டு கிராம் சதை.

மருந்தையே தேடினால் கிடைக்காது. நைட்ரோஃபுரான்கள் இறாலின் உடலில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆனால் சிதைவில் மிஞ்சும் ஒரு துண்டு, சதையின் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே மருந்து போன தடத்தைத்தான் தேடுகிறோம். ஃபுரசோலிடோன் விட்டுச்செல்லும் துண்டுக்கு ஏ.ஓ.இசட். என்று பெயர், ஃபுரால்டடோனுக்கு ஏ.எம்.ஓ.இசட்.; நைட்ரோஃபுரசோனுக்கு செமிகார்பசைடு; நைட்ரோஃபுரன்டாயினுக்கு ஏ.எச்.டி.

இந்தத் துண்டுகள் மிகச் சிறியவை. ஏ.ஓ.இசட்.டின் மூலக்கூறு நிறை 102தான். அதைத் தனியாகக் கருவிக்குள் அனுப்பினால், குழாயிலும் தங்காது, நிறைமானியிலும் இரைச்சலைத் தாண்டித் தலைகாட்டாது. அதனால் 2-நைட்ரோபென்சால்டிஹைடு என்ற வாலை ஒட்டுகிறோம். அதன் நிறை 151. இரண்டும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு, அதாவது 18, கழன்றுபோகிறது. மிஞ்சும் பெறுதியின் நிறை 235. ஒரு புரோட்டான் ஏறியதும் 236; கருவியில் உடைக்கும்போது 134 என்ற துண்டைத் தருகிறது. 236இலிருந்து 134 என்ற இந்த ஜோடியைத்தான் திரையில் தேடுகிறோம்.

ஆய்வகத்தில் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

இறாலின் ஓட்டை உரித்து, சதையை மட்டும் அரைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில் எடை பார்த்துப் போடுகிறோம். கன ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட ஏ.ஓ.இசட். போன்ற உள் ஒப்பீட்டுப் பொருள்களை, அதாவது இழப்பைக் கணக்கிட நாமே தெரிந்த அளவில் போடும் பொருள்களை, அப்போதே சேர்க்கிறோம். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரோபென்சால்டிஹைடு கரைசலும். ஒளி பட்டால் நைட்ரோபென்சால்டிஹைடு கெட்டுவிடும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருப்போம். குழாய்களை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து மாலையில் ஆட்டவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் 16 மணி நேரம் ஆகியிருக்கும்.

இரவு முழுவதும் ஒரே குழாயில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. அமிலம், புரதத்தோடு பிணைந்த துண்டைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுவிக்கிறது. விடுபட்ட துண்டை ஆல்டிஹைடு உடனே பிடித்துக்கொள்கிறது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிறையைத் திறப்பதும் வெளியே வருபவரைக் கைப்பிடித்துக் கூட்டிவருவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

காலையில் பாஸ்பேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துப் பிஹெச் அளவை 7க்குக் கொண்டுவருகிறோம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அமிலம் மிச்சமிருந்தால் அடுத்த படியில் பெறுதி முழுதாகக் கரைப்பானுக்குள் ஏறாது. எத்தில் அசிட்டேட் ஊற்றிக் குலுக்கி, மேலே நிற்கும் தெளிந்த அடுக்கை மட்டும் எடுத்து, நைட்ரஜன் ஊதி வற்றவிடுகிறோம். புகைப்போக்கிப் பெட்டிக்குள் பழ வாசனை வீசும். கடைசியில் குழாயின் அடியில் மெல்லிய பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். அதைச் சில நூறு மைக்ரோலிட்டரில் கரைத்து வடிகட்டிக் கருவியில் வைக்கிறோம்.

16 மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டுமா? லாரி நிற்கிறதே.

மைக்ரோவேவ், மீயொலி, அதிக வெப்பம் ஆகியவற்றால் நேரத்தைக் குறைத்த முறைகள் இருக்கின்றன. எந்த முறையானாலும், பிணைந்த எச்சம் உண்மையாகவே இருக்கும் இறாலில் பழைய முறையோடு ஒப்பிட்டு நிரூபித்த பிறகே பயன்படுத்தலாம். சுத்தமான இறாலில் ஏ.ஓ.இசட்.டை ஊற்றிப் பார்த்துவிட்டு "திரும்பக் கிடைத்துவிட்டது" என்று சொல்வது போதாது, ஏனென்றால் ஊற்றியது புரதத்தோடு பிணைந்திருக்காது. வேகமான முறையில் தவறிப்போவது அந்தப் பிணைப்பு உடையும் பகுதிதான்.

பண்ணையில் அறுவடைக்கு முன் எம்பெடாவின் (கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) ஆய்வகங்களில் எலைசா முறையில், அதாவது எதிர்ப்பொருளைக் கொண்டு, பார்க்கும் சோதனையிலும் இதே வால்தான் ஒட்டப்படுகிறது. ஏ.ஓ.இசட். தனியாக இருந்தால் எதிர்ப்பொருள் பிடிப்பதற்குப் போதிய பிடிமானம் இல்லை. வால் ஒட்டிய வடிவத்துக்கே எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள்.

நான் அந்த மருந்தைப் பயன்படுத்தவே இல்லை. ஆனாலும் செமிகார்பசைடு வந்திருக்கிறது என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை உடனே சந்தேகிக்க வேண்டாம் என்று ஆய்வகத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற மூன்று துண்டுகளையும்விடச் செமிகார்பசைடு நம்பகம் குறைந்த சாட்சி. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் அது இயல்பாகவே காணப்படுகிறது. ஓட்டோடு சேர்த்து அரைத்தால் குற்றமற்ற இறாலும் மாட்டிக்கொள்ளும். ஜாடி மூடிகளின் ரப்பர் போன்ற வளையத்தைப் பொங்கவைக்கப் பயன்பட்ட அசோடைகார்பனமைடு சூட்டில் சிதைந்தும் செமிகார்பசைடு உண்டாகும். 2003இல் ஐரோப்பாவில் கண்ணாடி ஜாடிகளில் அடைத்த குழந்தை உணவில் அது தென்பட்டதற்குக் காரணம் அதுதான். செறிவான ஹைப்போகுளோரைட் பட்ட சில உணவுகளிலும் அது உருவாகியிருக்கிறது.

வேதிவினை இங்கே பொய் சொல்லவில்லை. செமிகார்பசைடு இருந்தது, வால் ஒட்டியது, கருவி காட்டியது. அது எங்கிருந்து வந்தது என்பதை வினை சொல்லாது. அதை மனிதர்கள்தான் விசாரிக்க வேண்டும். ஏ.ஓ.இசட். வந்திருந்தால் கதை வேறு. அப்போது குஞ்சுப் பொரிப்பகம், தீவனம், பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் "குளத்து மருந்து" ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வாயு வண்ணப்பிரிகைக்கு எந்த வால் ஒட்டுகிறீர்கள்?

பெரும்பாலும் சிலில் தொகுதி. ஹைட்ராக்சில், கார்பாக்சில், அமீன் ஆகியவற்றில் இருக்கும் வினைபுரியும் ஹைட்ரஜனை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கானும் மூன்று மெத்தில்களும் கொண்ட டிரைமெத்தில்சிலில் தொகுதியை வைக்கிறோம். ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியில்லாமல் போவதால் மூலக்கூறு எளிதில் ஆவியாகும். ஒவ்வொரு தொகுதிக்கும் நிறை 72 கூடும். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏவின் நிறை 228, இரண்டு ஹைட்ராக்சில்களிலும் வால் ஒட்டினால் 372. சர்க்கரைகளை இப்படி ஆவியாக்கிப் பிரிக்கும் வழியை 1963இல் ஸ்வீலி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட பிறகுதான் இந்த முறை உலகெங்கும் பரவியது.

மழைக்காலத்தில் சிலில் முடிவுகள் ஏன் தடுமாறுகின்றன?

ஈரம். சிலில் வினைப்பொருளுக்கு நம் மாதிரியைவிடத் தண்ணீர்மேல் பிரியம் அதிகம். மாதிரியில் ஒரு துளி நீர் மிச்சமிருந்தாலும் வினைப்பொருளை அது தின்றுவிடும். ஒட்டிய வாலும் ஈரத்தில் கழன்று, மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, நவம்பர் மாதம், வெளியே விடாத மழை. பி.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற சிலில் வினைப்பொருளின் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்துவிட்டேன். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் ஈரம் உள்ளேயே படிந்துவிட்டது. அன்று ஓடிய 18 மாதிரிகளில் முதல் ஐந்தில் பிஸ்பீனால் சிகரம் சரியாக வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் குட்டையாகி, கடைசி மாதிரியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலை. உள் ஒப்பீட்டுப் பொருளும் சேர்ந்தே சுருங்கியதால்தான் தவறு என்னுடையது, தண்ணீர் மாதிரியுடையது அல்ல என்று புரிந்தது. 18 மாதிரிகளையும் மறுபடி எடுத்தேன். குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாமல் இருப்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

ஈரத்தைத் தாங்கும் வால் வேண்டுமென்றால் டெர்ஷியரி பியூட்டைல் டைமெத்தில்சிலில் தொகுதி இருக்கிறது. நிறை 114 கூடும். நீரில் எளிதில் கழலாது. பருமன் அதிகம் என்பதால் நெருக்கமான இடங்களில் ஒட்ட மறுக்கும்.

விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனையிலும் இதுதானா?

ஆம். அங்கே நினைவுகூர வேண்டிய பெயர் மான்ஃபிரெட் டோனிக்கே. ஜெர்மானியர், தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் ஓட்டிய தொழில்முறை சைக்கிள் வீரர், பிறகு வேதியியலாளராகிக் கொலோன் நகரின் ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தை நடத்தினார். எம்.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற சிலில் வினைப்பொருளை 1969இல் வெளியிட்டவர் அவரே. அந்தப் பந்தயச் சாலையை உள்ளிருந்து பார்த்தவர் கையிலிருந்து இந்தக் கருவி வந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டெஸ்டோஸ்டிரோனின் நிறை 288. எம்.எஸ்.டி.எஃப்.ஏ.வோடு அம்மோனியம் அயோடைடும் ஒரு தயோலும் சேர்த்துச் சூடாக்கினால், ஹைட்ராக்சிலில் ஒன்றும், கீட்டோன் ஈனால் வடிவத்துக்கு மாறும்போது அதில் ஒன்றுமாக இரண்டு வால்கள் ஒட்டி 432 ஆகிறது. சிறுநீரில் இது பெரும்பாலும் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைந்து வருவதால், நொதி கொண்டு அதை முதலில் விடுவிக்க வேண்டும். இறால் கதைதான்: முதலில் விடுதலை, பிறகு வால்.

மீனில் ஹிஸ்டமின், ஃபார்மலின் பார்ப்பதற்கும் இது வேண்டுமா?

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பனிக்கட்டி இல்லாமல் கிடந்தால், அவற்றிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். ஹிஸ்டமின் தானாக ஒளிராது. ஆர்த்தோதாலால்டிஹைடு சேர்த்தால் 350 நானோமீட்டர் ஒளியை வாங்கி 450இல் நீலமாக ஒளிர்கிறது. இந்தப் பெறுதி நெடுநேரம் நிலைக்காது. அதனால் பல ஆய்வகங்கள் பிரிப்புக் குழாயைத் தாண்டிய பிறகு, உணரிக்குச் சற்று முன்னால், ஓடும் திரவத்திலேயே வினையை நடத்திவிடுகின்றன.

ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடுக்கு நாஷ் என்ற ஆய்வாளர் 1953இல் தந்த வழி இன்னும் பயன்படுகிறது: அசிட்டைல் அசிட்டோனும் அம்மோனியம் அசிட்டேட்டும் சேர்ந்தால் மஞ்சள் நிறம், 412 நானோமீட்டரில் அளக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது. கடல் மீனில் இயல்பாக இருக்கும் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு சிதையும்போதும் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு உண்டாகும். மஞ்சள் தெரிந்தவுடன் மீன்காரம்மாவைக் குற்றம் சாட்டுவது அநியாயம். எந்த மீன், எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

கருவிகள் இவ்வளவு கூர்மையாகிவிட்டன. இனி இந்த வேலை தேவைப்படாது என்கிறார்களே?

பல இடங்களில் அது உண்மை. முன்பு வால் ஒட்டியே பார்த்த பல மருந்துகளை இன்று நேரடியாகப் பார்க்கிறோம். ஒரு படி குறைந்தால் ஒரு பிழை குறையும். தேவையில்லாத இடத்தில் பெறுதியாக்கம் செய்யக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் கிளைபோசேட்டைப் பாருங்கள். இலங்கை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்திய களைக்கொல்லி. தண்ணீரில் கரைந்து, சாதாரணப் பிரிப்புக் குழாயில் தங்காமல் ஓடிவிடும். எஃப்மாக் குளோரைடு என்ற வினைப்பொருளால் வால் ஒட்டியதும் 169ஆக இருந்த நிறை 391ஆகி, சாதாரணக் குழாயில் அடக்கமாகப் பிரிகிறது. எளிய கருவி வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு இது பெரிய உதவி.

இந்த வினைப்பொருள்கள் ஆபத்தானவையா?

ஆம், அலட்சியம் கூடாது. மெத்தில் எஸ்டராக்கப் பயன்பட்ட டயசோமீத்தேன் நச்சு வாயு, வெடிக்கவும் செய்யும். அதற்கு மாற்றாக வந்த டிரைமெத்தில்சிலில் டயசோமீத்தேன் வெடிக்காது என்பதால் பாதுகாப்பானது என்று பலர் நம்பினார்கள். 2008இல் வட அமெரிக்காவில் இரண்டு வேதியியலாளர்கள் அதைச் சுவாசித்து இறந்தார்கள். புகைப்போக்கிப் பெட்டி வேலை செய்யவில்லை என்றால் அன்று வேலை இல்லை என்று மேலாளரிடம் சொல்லும் உரிமை புதிதாகச் சேர்ந்தவருக்கும் உண்டு.

என் சரக்கு தோற்றுவிட்டது என்று அறிக்கை வந்திருக்கிறது. ஆய்வகத்திடம் என்ன கேட்கலாம்?

உள் ஒப்பீட்டுப் பொருளை எந்தப் படியில் சேர்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அமிலத்துக்கு முன்பே சேர்த்திருந்தால் வினையில் ஏற்பட்ட குறையை அது ஈடுகட்டியிருக்கும்; கருவியில் வைப்பதற்குச் சற்று முன் சேர்த்திருந்தால் இரவு நடந்த எதற்கும் அது சாட்சி ஆகாது. ஓட்டை நீக்கினார்களா என்று கேளுங்கள். இறாலே இல்லாமல் வினைப்பொருள்களை மட்டும் வைத்து ஓட்டிய வெற்றுச் சோதனையும், எச்சம் இல்லாத இறாலில் ஓட்டிய சோதனையும் அதே நாளில் எடுக்கப்பட்டனவா, அவற்றில் அந்த இடத்தில் சிகரம் எதுவும் இல்லையா என்று பார்க்கக் கேளுங்கள். 236இலிருந்து 134 மட்டுமல்ல, 104 என்ற இரண்டாவது துண்டும் சரியான விகிதத்தில் வந்திருக்க வேண்டும். இவை நான்கும் அச்சிட்ட தாளாக ஆய்வகத்தில் இருக்கும். நல்ல ஆய்வகம் கேட்டால் எடுத்துக் காட்டும்.